மழைநீர் வாய்க்காலில் உப்புத் தண்ணீர்: ஒரு திருப்பூர் சாயப்பட்டறையின் மூடல் உத்தரவும் 58 நாட்களும்

சுற்றுச்சூழல் சட்ட வேலையை மட்டும் பார்க்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. இங்கே எழுதியிருப்பது 2023 இறுதியில் எங்களிடம் வந்த ஒரு வழக்கு. பட்டறையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். தேதிகளுக்குப் பதில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீர் மாதிரி எடுத்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணியிருக்கிறேன்.

பின்னணி

நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில் இருக்கிறது பட்டறை. நாளுக்குச் சுமார் 3 டன் பனியன் துணி, எல்லாமே ஏற்றுமதியாளர்களுக்கான ஜாப் ஒர்க். 42 தொழிலாளர்கள். கழிவுநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் சொந்த எவாப்பரேட்டர் கிடையாது. பல பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் அனுமதித்த கழிவுநீர் அளவு நாளுக்கு 150 கிலோ லிட்டர்.

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துபவர் யாரும் 2011 ஜனவரி 28-ஐ மறந்திருக்க மாட்டார். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் சரியாகாததால்தான் அந்த ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவு வந்தது. அதற்குக் காரணமான வழக்கைத் தொடுத்தவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயப்பட்டறைகளின் தண்ணீர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரில் ஒரு பட்டறை 'எங்கள் மேல் தவறில்லை' என்று சொன்னால், அதை எடுத்த எடுப்பில் நம்பும் அதிகாரியோ நீதிபதியோ இருக்க மாட்டார். எங்கள் முடிவுகள் பலவற்றுக்கும் இந்தப் பழைய கதை ஒரு காரணம்.

புகாரும் முதல் பதிலும்

ஐப்பசி மழையில் ஓடையை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் புகார் செய்தார்கள். தண்ணீர் கலங்கவில்லை, நிறமும் மாறவில்லை. ஆனால் மாடு வாய் வைக்க மறுத்தது. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அன்று இரவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆட்கள் வந்து, பட்டறையின் பின்சுவரைத் தாண்டி மழைநீர் வாய்க்கால் வெளியே வரும் இடத்தில் மாதிரி எடுத்தார்கள். பட்டறைத் தரப்பில் யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

9-ஆம் நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல 15 நாள். உரிமையாளர் அதை இசைவாணைப் புதுப்பிப்பு வேலைகளைப் பார்க்கும் கன்சல்டண்ட் கையில் கொடுத்துவிட்டார். அவர் 20-ஆம் நாளில் ஒன்றரைப் பக்கப் பதில் போட்டார். அதன் சாரம் இதுதான்: நாங்கள் பொது சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போவதில்லை, வந்தது பக்கத்துப் பட்டறைத் தண்ணீராக இருக்கலாம். இதை எழுதுவதற்கு முன் அவர் பட்டறைக்கு வரவே இல்லை. வேறொரு பட்டறைக்கு எழுதிய பதிலில் பெயரை மட்டும் மாற்றியது என்பது படித்ததுமே தெரிந்தது. ஓரிடத்தில் பழைய பெயர்கூட அப்படியே இருந்தது.

34-ஆம் நாள், நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974-இன் 33ஏ பிரிவின் கீழ் மூடல் உத்தரவு வந்தது. 36-ஆம் நாள் காலை மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது. அப்போது ஒரு மெஷினுக்குள் துணி ஓடிக்கொண்டிருந்தது. சாயக் குளியலில் பாதியில் நின்ற அந்த லாட் முழுக்கத் திட்டுத் திட்டாகப் போயிற்று. உரிமையாளர் அன்று மாலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அதில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

எங்கள் முதல் பார்வை

காகிதத்தை மட்டும் பார்த்தால் அவர் பக்கம் நல்ல சட்டப் புள்ளி ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, கழிவுநீரைப் பகுப்பாய்வுக்கு எடுக்கும்போது உரிமையாளருக்கோ பொறுப்பாளருக்கோ நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அந்த முடிவைச் சட்ட நடவடிக்கையில் சாட்சியமாக ஏற்க முடியாது. இங்கே இவை எதுவும் நடக்கவில்லை. உரிமையாளரும் இதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். "இதை வெச்சு ஒடைச்சரலாமுங்களே சார்?" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

நான் ஆய்வக அறிக்கையைக் கேட்டேன். தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 9,400 மில்லிகிராம், அனுமதி 2,100. குளோரைடு 5,200, அனுமதி 1,000. ஆனால் சல்பேட் 180 மட்டுமே. கரிமக் கழிவின் அளவைக் காட்டும் சி.ஓ.டி. 88, அனுமதித்த 250-க்கு வெகு கீழே. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.4.

எங்களோடு வேலை செய்யும் வேதியியல் பட்டதாரி அதைப் பார்த்ததும், "இது சாயத் தண்ணி இல்லைங்க" என்றார். அந்தப் பட்டறை சாயத்துக்குப் போடுவது கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்பேட். சாயக்கழிவு கலந்திருந்தால் சல்பேட் ஏறியிருக்கும், சாயத்தோடு போடும் சோடா ஆஷ் என்ற காரத்தால் பி.ஹெச். எகிறியிருக்கும், சி.ஓ.டி.யும் ஏறியிருக்கும். குளோரைடு மட்டும் தனியாக ஏறியிருக்கிறது என்றால் அது சாதா உப்பு. பட்டறையில் சாதா உப்பை மூட்டை மூட்டையாகக் கரைக்கும் இடம் ஒன்றுதான்: சாஃப்ட்னர். போர் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் ரெசினை உப்புக் கரைசல் விட்டு அலசும்போது வெளியேறும் தண்ணீர் அது. நிறமே இருக்காது.

உரிமையாளர் முகம் தெளிந்தது. "அப்ப சாயக்கழிவு இல்லீங்களே?" சாயக்கழிவு இல்லைதான். ஆனால் சட்டத்தில் 'சாயம்' என்ற சொல்லே கிடையாது. தொழில் நடக்கும் வளாகத்திலிருந்து வெளியேறும், வீட்டுக் கழிவுநீர் அல்லாத எந்தத் திரவமும் தொழிற்கழிவுதான். மாட்டுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

பட்டறைக்குள் பார்த்தது

37-ஆம் நாள் காலை பட்டறைக்குப் போனோம். மின்சாரம் இல்லை, மேல்தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்தது. முதலில் மழைநீர் வாய்க்காலின் வெளிவாயை மணல் மூட்டையால் அடைத்தோம். அப்புறம் ஸ்டோரிலிருந்து கொஞ்சம் மஞ்சள் சாயத்தை வாளியில் கரைத்து, சாஃப்ட்னர் வடிகாலில் ஊற்றி, மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அது போக வேண்டிய இடம் சேகரிப்புக் குழி. அங்கிருந்து பம்ப் மூலம் கழிவுநீர்த் தொட்டிக்கு, பிறகு பொது நிலையத்துக்கு. ஐந்தாறு நிமிடம் நின்றோம். மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம் மஞ்சளாக வந்து தேங்கியது.

உரிமையாளர் எதுவும் பேசவில்லை. சாஃப்ட்னரைப் பார்த்துக்கொள்ளும் ஆள், ஐம்பது வயதிருக்கும், தானாகவே சொன்னார்: "மழை வந்தா அந்தக் குழி நெறஞ்சுருதுங்க. பம்பு ஓடுறதில்லீங்க. பழைய வால்வு ஒண்ணு இருக்குதுங்க, அதத் திருப்பி உட்டனுங்க."

பழைய வால்வு என்பது இந்த உரிமையாளர் பட்டறையை வாங்குவதற்கு முன்பே போட்ட ஒரு கிளைக் குழாய். தரைக்கடியில் மழைநீர் வாய்க்காலோடு சேர்கிறது. அதன் சக்கரம் பளபளவென்றிருந்தது. பக்கத்தில் இருந்த மற்ற வால்வுகளில் துரு. எத்தனை முறை திருப்பியிருக்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் ஒரு நோட்டும் காட்டினார். தினசரி உப்பு மூட்டைக் கணக்கு எழுதும் நோட்டு. அதில் ஏழு வாரத்துக்கு முன்பு 'குழி பம்ப் ரிப்பேர், சொல்லியாச்சு' என்று ஒரு வரி. அடுத்த பக்கங்களில் மேலும் மூன்று முறை அதே வரி. மேனேஜர் பார்த்து இனிஷியல் போட்டிருக்கிறார். புது பம்ப் வாங்க ஒப்புதல் கேட்ட பேப்பர் உரிமையாளர் மேசையிலேயே கிடந்தது.

போதாததற்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இசைவாணையில் இருக்கும் மெஷின் பட்டியலில் இல்லாத 250 கிலோ சாஃப்ட்ஃப்ளோ சாய மெஷின் ஒன்று ஓரமாக நின்றது. வாங்கி எட்டு மாதம். அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி கூடுதல் மெஷின் வைப்பதற்கும் முன்கூட்டியே இசைவு வேண்டும். நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

எடுத்த முடிவுகள்

எந்த வாசலைத் தட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. 33ஏ உத்தரவை எதிர்த்து 33பி பிரிவின்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். 30 நாள் கெடு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இன்னொரு வழி, குறையைச் சரிசெய்துவிட்டு உத்தரவை விலக்கும்படி வாரியத்திடமே கேட்பது. இரண்டாவதைத் தேர்ந்தோம். மேல்முறையீட்டு மனுவையும் எழுதி மேசையில் தயாராக வைத்தோம், 64-ஆம் நாளுக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் போடுவதற்கு.

21-ஆம் பிரிவு வாதத்தை ஏன் முன்வைக்கவில்லை என்று எங்கள் அலுவலக இளையவர்களே கேட்டார்கள். காரணம் மூன்று. மாதிரி எடுத்தது வளாகத்துக்கு வெளியே. 'இது கழிவுநீர் மாதிரியல்ல, ஓடைநீர் மாதிரி' என்று வாரியம் சொன்னால் அந்தப் பாதுகாப்பு பொருந்துமா என்பதே சந்தேகம். அதோடு, மூடல் உத்தரவு ஒரு நிர்வாக நடவடிக்கை; சாட்சிய விதி அதற்கு அப்படியே பொருந்தாது என்றும் வாதிடலாம். அதைவிடப் பெரிய காரணம், வால்வைப் பார்த்துவிட்டோம் என்பதுதான். மாதிரி செல்லாது என்று வென்றாலும், மறுநாளே முறைப்படி இன்னொரு மாதிரி எடுக்க வருவார்கள்.

முதல் பதிலில் இருந்த 'ஒரு சொட்டும் போவதில்லை' என்ற வரிதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அதை அப்படியே விட்டுவிட்டு, பம்ப் மாற்றினோம் என்று மட்டும் சொல்லலாம் என்றார் கன்சல்டண்ட். முடியாது என்றோம். அந்த வரி கோப்பில் இருக்கும்வரை அடுத்து நாங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். முந்தைய பதில் களத்தை ஆராயாமல் எழுதப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று துணைப் பதிலின் முதல் பத்தியிலேயே எழுதினோம். வால்வையும் சொன்னோம். நோட்டின் நகலை இணைத்தோம். பம்ப் பழுதானது நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதை அது காட்டும்தான். ஆனால் கழிவு வெளியேறியது எப்போதிலிருந்து என்பதற்கு ஒரு தொடக்க எல்லை அதில் மட்டும்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் 'பல வருடமாக' என்று சொல்வதைத் தடுக்க எங்கள் கையில் எதுவும் இல்லை.

புதிய மெஷின் விஷயத்தில்தான் உரிமையாளரோடு ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் சரிபார்க்க வருபவர்கள் மெஷின்களை எண்ணாமல் போக மாட்டார்கள். அன்று அவர்களே கண்டுபிடித்தால், வால்வைப் பற்றி நாங்கள் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடும். கடைசியில் ஒப்புக்கொண்டார். மெஷினின் குழாய், மின் இணைப்பு இரண்டையும் கழற்றி, படம் எடுத்து, அதையும் அறிக்கையில் சேர்த்தோம்.

ஜெனரேட்டர் பேச்சும் வந்தது. பாதியில் நின்ற லாட்டுகளை மட்டும் டீசலில் ஓட்டி முடித்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். மூடல் உத்தரவு என்பது உற்பத்தியை நிறுத்தச் சொல்வது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அதில் கணக்கே இல்லை. கண்டிப்பாகக் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்தோம். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் நிற்கும் தண்ணீர் அடுத்த மழைக்கு வழிந்துவிடும் அபாயம் இருந்தது. அதை மட்டும் லாரியில் பொது நிலையத்துக்குக் கொண்டுபோக மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்டோம், கிடைத்தது. ஒவ்வொரு லோடுக்கும் நிலையத்தின் ரசீது வாங்கிக் கோத்துவைத்தோம்.

ஏற்றுமதியாளர்களிடம் மறைத்துவிட்டு, துணியை வேறு பட்டறையில் போட்டுக் கொடுக்கலாம் என்ற யோசனையும் ஓடியது. இரண்டு ஏற்றுமதியாளர்களின் ஒப்பந்தத்திலும் அரசு நடவடிக்கை எதுவானாலும் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. அதில் ஒருவர் ஜெர்மனிக்கு அனுப்புபவர். அங்கே 2023 தொடக்கத்திலிருந்து விநியோகச் சங்கிலிப் பொறுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், வாங்குபவர் கேள்விப் பட்டியல் அனுப்பிக்கொண்டே இருந்தார். இருவருக்கும் உண்மையைச் சொல்லிக் கடிதம் போனது.

நடந்தது

39-ஆம் நாள் கிளைக் குழாயைத் தோண்டி எடுத்து, வாய்க்கால் பக்கத்தைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். குழிக்கு இரண்டு பம்ப், ஒன்று ஸ்டாண்ட்பை. 41-ஆம் நாள் துணைப் பதிலும் அறிக்கையும் போயின. 46-ஆம் நாள் நேர் விசாரணை. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: "இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாமே?" எங்களிடம் நல்ல பதில் இல்லை. 52-ஆம் நாள் வந்து சரிபார்த்தார்கள், மெஷின்களை எண்ணினார்கள். 58-ஆம் நாள், வங்கி உத்தரவாதம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு, மூன்று மாதத்துக்கு மட்டும், பழைய மெஷின்களுக்கு மட்டும் உத்தரவு விலக்கப்பட்டது.

அதன்பின் வந்தது சுற்றுச்சூழல் இழப்பீட்டு நோட்டீஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் நேரடியான பெருக்கல்: மாசுக் குறியீடு, மீறல் நாட்கள், ஒரு ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, இடம். அதிகம் மாசுபடுத்தும் தொழில்களான சிவப்பு வகைக்குக் குறியீடு 80. ரூபாய்க் காரணி 250. 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகைக்கு இடக் காரணி 1. நோட்டீஸில் பட்டறையை நடுத்தரத் தொழிலாக, அதாவது 1 என்று வைத்து, 52 நாளுக்கு 10,40,000 ரூபாய் போட்டிருந்தார்கள். சிறுதொழிலுக்கு அந்தக் காரணி 0.5. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழையும் கணக்காளர் சான்றையும் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். 36-ஆம் நாளிலிருந்து மின்சாரமே இல்லாத பட்டறை எப்படி மீறும், 35 நாள்தான் கணக்கு என்றும் வாதிட்டோம், ஏற்கவில்லை. சூத்திரத்தில் நாட்கள் முடிவது சரிபார்ப்பு நடந்த அன்றுதான். கட்டியது 5,20,000.

புதிய மெஷினுக்கு முறைப்படி விண்ணப்பித்தார். கூடுதல் கழிவுநீரை ஏற்க பொது நிலையத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. வாங்கிய விலையில் ஏறத்தாழ பாதிக்கு மெஷினை விற்றார். ஏற்றுமதியாளர்களில் ஒருவர் ஒரு சீசன் விலகியிருந்து, தணிக்கை செய்துவிட்டுத் திரும்பினார். ஜெர்மனிக்காரருக்கு அனுப்புபவர்தான் அவர். மற்றவர் வரவில்லை.

இப்போது என்றால்

வந்த அன்றே பம்பை வாங்க வைத்திருப்பேன். நாங்கள் 37-ஆம் நாள் பார்த்தும் அறிக்கை போனது 41-ஆம் நாள். சரிபார்ப்புக்கு வரச்சொல்லித் தனியே கடிதம் கொடுத்தது அதற்கும் பிறகு. ஒவ்வொரு நாளும் 10,000 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அது எங்கள் பிழை, உரிமையாளரிடமும் சொன்னோம்.

இழப்பீட்டை எதிர்த்து மேலே போயிருக்க வேண்டுமா என்பதில் எனக்கே இரண்டு மனம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், 33ஏ-இன் கீழ் மாசு வாரியங்கள் இழப்பீடு வசூலிக்கலாம் என்று சொன்னது. ஆனால் அதற்கான கோட்பாடுகளையும் நடைமுறையையும் விதிகளாக வகுத்த பிறகே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. இன்று அந்த நோட்டீஸ் வந்தால் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும். அன்று அந்தத் தீர்ப்பு இல்லை. இருந்திருந்தாலும் உரிமையாளர் கட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்; அவருக்குப் பட்டறை ஓட வேண்டும்.

ஒன்றை நாங்கள் தொடவே இல்லை. புகார் கொடுத்த விவசாயிகள் இந்த 58 நாளில் எந்த அறையிலும் இல்லை. கட்டிய பணத்தில் அவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை. கிணறு கெட்டிருந்தால் அதற்கு அவர்கள் தனியாகப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஐந்து வருடக் கெடு இருக்கிறது. அந்தக் கெடு முடியும்வரை இந்தக் கோப்பை மூட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம்.

சாஃப்ட்னர் ஆள் அங்கேயே இருக்கிறார். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டு 'தொழிலாளியின் தவறு' என்று எழுதலாம் என்று கன்சல்டண்ட் சொன்னதை உரிமையாளரே மறுத்துவிட்டார். உப்பு நோட்டு இப்போது தினமும் மாலை உரிமையாளர் மேசைக்குப் போகிறது, கையெழுத்துக்கு.